பிரானில் ஊர்க்காரர் யார்?

ஸ்லோவேனியாவின் கடலோர ஊரான பிரானின் நடுவில் இருக்கும் தர்த்தீனி சதுக்கம் ஒரு காலத்தில் கடல். ஊருக்குள் புகுந்து நின்ற சின்னத் துறைமுகம் அது. மீன் படகுகள் வீட்டு வாசல் வரை வந்து நின்றன. ஊர்க் கழிவும் அதில் சேர்ந்து நாற்றம் தாங்காமல் போனதால் 1894-இல் தூர்த்துவிட்டார்கள். இன்று அதன் மேல் வெள்ளைக் கல் பாவிய பெரிய நீள்வட்டம். சாயங்காலமானால் பிள்ளைகள் அதில் சைக்கிள் விடுகிறார்கள், சுற்றிலும் காப்பிக் கடை நாற்காலிகள் நிறைகின்றன. பழமையின் உச்சம் என்று எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் அந்தக் கல்தரை 1980களின் கடைசியில் போட்டது. ஸ்லோவேனியாவுக்கு மொத்தமே 47 கிலோமீட்டர் கடற்கரைதான். அதில் ஏட்ரியாட்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனையில், மூன்று பக்கமும் தண்ணீரோடு, ஓட்டுக் கூரைகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நிற்கும் ஊர் இது. ‘காலம் உறைந்து நின்ற ஊர்’ என்று பயண இதழ்களில் எழுதுகிறார்கள். அந்த வர்ணனையை என்னால் ஏற்க முடியவில்லை. ஊரைப் பார்த்துத் திரும்பி வெகுநாள் ஆன பிறகும் அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

உறுத்தலுக்குக் காரணம் நான் அறை எடுத்திருந்த வீட்டின் சொந்தக்காரம்மா சொன்ன ஒரு பதில். எழுபதை நெருங்கும் வயது. கோயில் மேட்டுக்கு ஏறும் சந்தில் மூன்று மாடி வீடு. படிக்கட்டு அவ்வளவு குறுகல், பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கித்தான் ஏற வேண்டியிருந்தது. காப்பி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பேச்சுவாக்கில், “நீங்கள் இந்த ஊர்க்காரர்தானே?” என்றேன். “இல்லை, நாங்கள் வந்தவர்கள்” என்றார். எப்போது வந்தீர்கள் என்று கேட்டதற்கு, அம்மாவும் அப்பாவும் நாட்டின் வடகிழக்கே உள்ள மாரிபோர் பக்கத்திலிருந்து ஐம்பதுகளின் நடுவில் வந்தார்கள், தான் பிறந்தது இந்த வீட்டில், இதோ இந்த அறைக்கு மேல் அறையில் என்றார். பிறந்து, பள்ளிக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, வயதும் ஆகிவிட்டது, எல்லாம் இங்கேதான். இருந்தும் வந்தவர். அவர் குரலில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார். எனக்குத்தான் அது மனதில் தைத்துவிட்டது.

கல் யாருடையது

கல்லை மட்டும் பார்த்தால் பிரான் வெனிஸின் ஊர். 1283-இலிருந்து 1797 வரை, ஐந்நூறு வருடத்துக்கும் மேலாக வெனிஸ் குடியரசின் கீழ் இருந்தது. மேட்டின் மேல் நிற்கும் தூய ஜார்ஜ் கோயிலின் மணிக்கூண்டு 1608-இல் வெனிஸின் தூய மாற்கு மணிக்கூண்டைப் பார்த்துக் கட்டியது. சதுக்கத்தின் மூலையில் இருக்கும் சிவப்பு வீடு பதினைந்தாம் நூற்றாண்டுக் கட்டடம். அதன் கூர்முனைச் சன்னல்களை வெனிஸின் கால்வாய் ஓரங்களில் பார்த்திருப்பீர்கள். இந்தக் கோயிலுக்கும் மதிலுக்கும் மாளிகைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி உப்பிலிருந்து. ஊருக்குத் தெற்கே செச்சோவ்லேயில் இருக்கும் அளங்கள் எழுநூறு வருடத்துக்கு மேல் உப்புக் கொடுத்தவை. வெனிஸ் பேரரசுக்கு உப்பு வியாபாரம் உயிர்நாடி. பிரானின் ஒவ்வொரு படிக்கட்டும் உப்பு வாரிய கூலியில் எழுந்தது என்று சொன்னால் அதிகமில்லை.

சதுக்கத்தின் நடுவில் கையில் வயலின் வில்லோடு நிற்பவர் ஜுசெப்பே தர்த்தீனி. 1692-இல் இதே ஊரில் பிறந்த வயலின் மேதை. அவர் சிறுவயதிலேயே படிக்கப் போனவர், பின்பு இத்தாலியின் பதுவாவில் நிலைத்துவிட்டார். 1770-இல் இறந்ததும் அங்கேதான். ஊர் அவருக்குச் சிலை வைத்தது 1896-இல். அந்த வருடத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு இரண்டு வருடம் முன்பு, துறைமுகத்தைத் தூர்த்த அதே 1894-இல், ஊரில் பெரிய கலவரம் நடந்தது. அப்போது ஆட்சி ஆஸ்திரியாவுடையது. நீதிமன்ற வாசலில் இத்தாலியத்தோடு ஸ்லோவேனியத்திலும் பெயர்ப்பலகை வைக்க அரசு உத்தரவிட்டது. ஊருக்குள் இருந்தவர்கள் அநேகமாக எல்லோரும் இத்தாலியம் பேசியவர்கள், சுற்றுக் கிராமங்களில் ஸ்லோவேனியம். பலகைக்கு எதிராக ஊர் திரண்டது. இசைக் கலைஞரின் சிலைக்கு ‘நாங்கள் இத்தாலியர்’ என்று உரக்கச் சொல்லும் வேலையும் வந்து சேர்ந்தது அந்தச் சூழலில்தான். ஒரு பெயர்ப்பலகை என்னவெல்லாம் செய்யும் என்று நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இன்று பிரானில் எல்லாப் பலகையும் இரண்டு மொழியில் இருக்கிறது. தெருப்பெயர், நகராட்சி அலுவலகம், ஊர் எல்லை, எல்லாவற்றிலும் மேலே பிரான், கீழே பிரானோ. முதல் முறை பார்க்கும்போது மனதுக்கு இதமாக இருக்கும். எனக்கும் இருந்தது. அப்புறம்தான், கீழே எழுதியிருக்கும் மொழியைப் பேசியவர்கள் எங்கே என்ற கேள்வி வரும்.

போனவர்கள்

1910-ஆம் வருடக் கணக்கெடுப்பில் ஊரில் 7,300 பேருக்கு மேல், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் அதிகமானோர் இத்தாலியம் பேசியவர்கள். 1956-இல் மொத்தமே 3,600 பேருக்குக் குறைவு. இத்தாலியர் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில். இடையில் நடந்தவற்றை ஐரோப்பிய வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். முதல் உலகப் போருக்குப் பின், பிரான் இருக்கும் இஸ்திரியா தீபகற்பம் இத்தாலியின் கைக்குப் போனது. பாசிச ஆட்சி ஸ்லோவேனியப் பள்ளிகளை மூடியது, ஸ்லோவேனியக் குடும்பப் பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றியது. 1945-இல் யூகோஸ்லாவியப் படை வந்தது. 1947-இலிருந்து த்ரியெஸ்தே சுதந்திரப் பிரதேசம் என்று ஒரு தற்காலிக ஏற்பாடு, அதில் பிரான் யூகோஸ்லாவிய நிர்வாகத்தின் கீழ் இருந்த ‘பி’ மண்டலம். 1954 அக்டோபரில் லண்டனில் ஒப்பந்தமாகி, இந்தப் பக்கம் யூகோஸ்லாவியாவுக்கு என்று முடிவானது. பயத்திலும் நெருக்கடியிலும், சொத்து போய்விட்டதே என்ற கசப்பிலும், சொந்த மொழி பேசும் நாட்டில் இருப்போம் என்ற ஆசையிலும் மக்கள் மூட்டை கட்டினார்கள். இஸ்திரியா, தல்மேசியா எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள் என்பது பொதுவான மதிப்பீடு.

எண்களைச் சொல்லிவிடலாம். பிரான் அளவுள்ள ஊரில் அது எப்படி இருந்திருக்கும் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ரொட்டிக் கடைக்காரர் போய்விடுகிறார். எதிர்வீடு காலி. மீன் விற்கும் அம்மா இல்லை. மணி அடிப்பவர் இல்லை. சில வருடங்களுக்குள் ஒரு ஊரின் பேச்சுச் சத்தமே மாறிவிடுகிறது. பிறகு அந்தக் காலி வீடுகளுக்கு வடக்கிலிருந்தும், யூகோஸ்லாவியாவின் மற்றப் பகுதிகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கடலையே பார்க்காதவர்கள் பலர். அவர்கள் யாரையும் துரத்திவிட்டு வந்தவர்கள் இல்லை. அரசு வேலை கொடுத்தது, வீடு கொடுத்தது, வந்தார்கள். அவர்களிலும் பலர் போரில் எல்லாம் இழந்தவர்கள்.

தர்த்தீனி பிறந்த வீடு இன்று ஊரில் எஞ்சியிருக்கும் இத்தாலியச் சமூகத்தின் கூடம். மேல்மாடியில் அவருடைய வயலின்களில் ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதைக் காட்டியபடி உடன்வந்த பெண்மணி போகாமல் நின்றுவிட்ட குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் பாட்டி, “கல்லறையை யார் பார்த்துக்கொள்வது?” என்று சொல்லி மறுத்துவிட்டாராம். பெரியப்பா குடும்பம் இத்தாலியின் த்ரியெஸ்தேவுக்குப் போய்விட்டது. இங்கிருந்து நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. அந்த வீட்டு அண்ணன் தம்பிகள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் வந்து சதுக்கத்தில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போவார்களாம். தங்கள் பழைய வீடு இருக்கும் சந்துக்குள் மட்டும் போகவே மாட்டார்களாம். அவர் அதைச் சொன்ன விதத்தில், யார்மேலும் குற்றம் இல்லை, மறக்கவும் முடியவில்லை என்பது இரண்டும் இருந்தது.

ஸ்லோவேனிய அரசியல் சட்டம் இத்தாலியச் சிறுபான்மைக்குத் தனி உரிமைகள் கொடுத்திருக்கிறது. நாடாளுமன்றத்தில் ஒரு இடம் அவர்களுக்கென்றே ஒதுக்கியது. இந்தக் கடற்கரைப் பகுதியில் ஸ்லோவேனியப் பள்ளிப் பிள்ளைகளும் இத்தாலியம் படித்தாக வேண்டும். 2002 கணக்கெடுப்பில் நாடு முழுக்கத் தங்களை இத்தாலியர் என்று பதிந்தவர்கள் 2,300 பேருக்கும் குறைவு. அவர்களுக்காக இவ்வளவு செய்வதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உலகில் வேறெங்கும் சிறுபான்மைகளுக்கு இப்படி நடந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். ஆனால் ஆள் குறைந்த பிறகு உரிமை கொடுப்பது எளிது என்ற எண்ணத்தையும் என்னால் விலக்க முடியவில்லை.

அளத்தில்

இந்தக் குழப்பத்தோடுதான் செச்சோவ்லே அளத்துக்குப் போனேன். என் அப்பா தூத்துக்குடியில் ஒரு உப்பளத்தில் கணக்கு எழுதியவர், பள்ளி விடுமுறைகளை அம்பாரங்களுக்கு நடுவில் கழித்தவன் நான். அதனால் எங்கே அளம் என்று கேட்டாலும் கால் தானாக அங்கே போகும்.

அளம் இரண்டு பகுதி. லேரா என்பதில் இன்னும் உப்பு விளைகிறது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், குரோவேசிய எல்லையை ஒட்டிய ஃபொந்தானிஜேயை 1960களின் கடைசியில் கைவிட்டுவிட்டார்கள். கடல் நீரைப் பாத்தி பாத்தியாக நகர்த்தி, வெயிலும் காற்றும் முற்ற வைத்து, கடைசிப் பாத்தியில் உப்பாக இறக்குவது நம் ஊர் முறைதான். வித்தியாசம் தரையில் இருக்கிறது. நம் அளங்களில் பாத்தித் தரையை மிதித்து மிதித்து இறுக்குவார்கள். இங்கே தரைக்கு மேல் உயிருள்ள ஒரு படலத்தை வளர்க்கிறார்கள். பெத்தோலா என்று பெயர். நீலப்பச்சைப் பாசி வகை நுண்ணுயிர்களும் ஜிப்சமும் களிமண்ணும் சேர்ந்த மெல்லிய விரிப்பு. சேறு உப்போடு கலக்காமல் அது தடுக்கிறது, அதனால் உப்பு அத்தனை வெள்ளை. பதினான்காம் நூற்றாண்டில் குரோவேசியாவின் பாக் தீவிலிருந்து இந்த நுட்பம் வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் அதைப் பராமரித்துத் தயார்செய்ய வேண்டும், மாரிக்காலத்தில் கடல் நீரில் மூழ்க வைத்துக் காக்க வேண்டும். கால் அழுத்தினால் கிழியும் என்பதால் மரத்தட்டு வைத்த செருப்பு போட்டுத்தான் அந்தக் காலத்தில் நடந்திருக்கிறார்கள். பருவத்தில் உப்பைத் தினமும் வாருகிறார்கள், படலத்தின் மேல் படாமல், மரப்பலகையால், தள்ளித் தள்ளி.

நான் போனது ஆகஸ்ட் மத்தியானம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வேலைக்கு நடுவில் நின்று பேசினார். தூத்துக்குடி என்றதும் உங்கள் ஊரில் எத்தனை டிகிரியில் உப்பு இறங்கும் என்று கேட்டார். வெயிலின் டிகிரி அல்ல, உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் டிகிரி. இருபத்தைந்து என்றேன், சிரித்தார், இங்கேயும் அதேதான். அவருடைய அப்பா மலைப்பக்கத்துக் கிராமத்திலிருந்து பையனாக வந்தவர். உப்பு வேலையைக் கற்றுக்கொடுத்தவர் போகாமல் நின்றுவிட்ட ஒரு பிரான் கிழவர். அப்பாவுக்குக் கிழவர் பேச்சு புரியாது, கிழவருக்கு அப்பா பேச்சு புரியாது. கிழவரின் கையைப் பார்த்தே அப்பா கற்றுக்கொண்டாராம். அப்பா தப்பாக வாரினால் கிழவர் பலகையைப் பிடுங்கித் தான் வாரிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்பாராம். எத்தனை பருவம் அப்படிப் போனது என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கே வானம் கறுத்தது. அளத்துக்காரருக்கு மழை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அவர் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார். வேறு நான்கைந்து பேர் எங்கிருந்தோ வந்தார்கள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. மடைப்பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, வாரக்கணக்கில் முற்ற வைத்த நீரை ஆழக் குழிகளுக்கு இறக்கினார்கள். இடையில் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டது ஸ்லோவேனியம். ஆனால் கருவிகளின் பெயர்கள், பாத்திகளின் பெயர்கள் எல்லாம் போய்விட்ட அந்தப் பிரான்காரர்களின் பேச்சுவழக்கில் உள்ளவை, அவை மாறவே இல்லை. மழை பத்து நிமிடம் கொட்டிவிட்டு நின்றது. அவர்கள் நனைந்தபடி பாத்தி ஓரத்தில் குந்தி, படலம் எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘நாங்கள் வந்தவர்கள்’ என்ற பதிலை அதுவரை நான் ஒரு இழப்பாகவே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு அப்படிக் கேட்க முடியவில்லை. போனவர்கள் எழுநூறு வருடம் காத்ததை வந்தவர்கள் கையில் வாங்கி, கெடாமல், இன்னும் வைத்திருக்கிறார்கள். ஊர்க்காரர் என்பதற்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

ஆனால் மறுநாள் ஃபொந்தானிஜேக்குப் போனபோது அந்த நிம்மதியும் முழுதாக நிற்கவில்லை. அங்கே பாத்திகளின் ஓரம் கல்வீடுகள் இடிந்து வரிசையாக நிற்கின்றன. தூய ஜார்ஜ் திருநாளான ஏப்ரல் 24-க்குப் பிரான் குடும்பங்கள் சட்டி பானையோடு படகேறி இந்த வீடுகளுக்கு வந்துவிடும். கீழே உப்புக் கிடங்கு, மேலே குடியிருப்பு. ஆகஸ்ட் 24, தூய பர்த்தலோமேயு நாளுக்குத் திரும்பும். இன்று கூரை இல்லை, மாடம் இருந்த இடத்தில் வானம். ஒன்றிரண்டை மட்டும் சரிசெய்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் உமரிச் செடி, அதற்குள் நெடுங்கால் உள்ளான்கள், நம் ஊர் அளங்களில் நிற்கும் அதே பறவை. ஸ்லோவேனியாவின் முதல் ராம்சார் ஈரநிலம் இது, 1993-இலிருந்து. பறவைகளுக்கு நல்லது நடந்திருக்கிறது. அந்தச் சுவர்களுக்குள் சமைத்தவர்களின் பேத்திகள் யாரோ த்ரியெஸ்தேயில் ஏதோ ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார்கள் என்ற நினைப்பு மட்டும் என்னை விடவில்லை.

கார்பாச்சியோவின் படம்

வந்தவர்களைப் பற்றிப் பேசும்போது இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பீட்டர் போஸ்மன், கானாவில் பிறந்தவர், 1970களில் மருத்துவம் படிக்க யூகோஸ்லாவியா வந்தவர். 2010-இல் பிரான் அவரைத் தன் மேயராகத் தேர்ந்தெடுத்தது. இரண்டு தடவை, 2018 வரை. உலகப் பத்திரிகைகள் அதை அதிசயமாக எழுதின. ஊரில் பாதிக்கு மேல் தாங்களே வந்தவர்கள் என்று நினைத்துக்கொள்ளும் இடத்தில் அது நடந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

ஆனால் ஊரை விட்டுப் போன ஒன்று இன்னும் திரும்பவில்லை. வெனிஸ் ஓவியர் வித்தோரே கார்பாச்சியோ 1518-இல் பிரானின் தூய பிரான்சிஸ் கோயிலுக்காக வரைந்த மாதாவின் பீடப்படம். 1940-இல் போருக்குப் பயந்து இத்தாலிக்குள் கொண்டுபோனார்கள். இன்று பதுவாவில் இருக்கிறது. ஸ்லோவேனியா கேட்கிறது, இத்தாலி கொடுக்கவில்லை. அதை வரையச் சொன்னவர்களின் வாரிசுகள் எங்கள் பக்கம்தானே வந்துவிட்டார்கள் என்பது அந்தத் தரப்பில் சிலரின் வாதம். நான் பல இரவு இதை மாற்றி மாற்றி யோசித்திருக்கிறேன்.

என் முடிவு: படம் பிரானுக்குத் திரும்ப வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட கோயிலின் குறிப்பிட்ட பீடத்துக்காக வரைந்த படம். கோயில் இருக்கிறது, அதைப் பெருக்கி மெழுகி விளக்கேற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த மொழியில் ஜெபிக்கிறார்கள் என்பது ஒரு பொருட்டல்ல. ஆனால் படத்தை மாட்டும் நாளில் அதன் பக்கத்தில் ஒரு குறிப்பும் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். ஓவியர் பெயர், வருடம், மரப்பலகையா துணியா என்பதோடு நிற்காத குறிப்பு. இந்தப் படத்தின் முன் மண்டியிட்ட குடும்பங்கள் 1950களில் எங்கே போயின, ஏன் போயின, அதற்கு முன்பு ஸ்லோவேனியம் பேசியவர்களுக்கு இந்த மண்ணில் என்ன நடந்தது, பிறகு வந்தவர்கள் யார் என்று ஒளிக்காமல் எழுதிய குறிப்பு. இரண்டு மொழியிலும் வேண்டும். இத்தாலியத்தில் ஒரு கதை, ஸ்லோவேனியத்தில் வேறு கதை என்று இருக்கக் கூடாது. எதை எழுதுவது என்று ஒத்துக்கொள்ள அவர்களுக்கு வருடக்கணக்கில் ஆகலாம். ஆகட்டும். தர்த்தீனி வீட்டுப் பெண்மணியையும் அளத்துக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து அதை எழுதத் தொடங்கலாம்.